கைக்கு ஒரு பிடி

உங்கள் வீட்டில் முறுக்கு அச்சு இருக்கும். தயவுசெய்து எழுந்து போய் அதை எடுத்து வாருங்கள். மாவெல்லாம் வேண்டாம். சும்மா கையில் பிடித்து, பத்து நிமிடம் பிழிகிற மாதிரி திருகிப் பாருங்கள். எங்கே உறுத்துகிறது என்று சொல்லுங்கள்.

எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதுவரைக்கும் முறுக்கு என்றால் எனக்கு வாய் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

என் அக்கா கள்ளக்குறிச்சியில் இருக்கிறார். மாமா தவறிய பிறகு முறுக்கு போட ஆரம்பித்தவர். டீக்கடைகள், இரண்டு மளிகைக் கடைகள், கல்யாண வீட்டு ஆர்டர் என்று 18 வருடமாக அந்தப் பித்தளை அச்சுதான் அவருக்குச் சோறு போடுகிறது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அதுதான். மேலே திருகுகிற ரகம். உச்சியில் குறுக்காக ஒரு பித்தளைக் கம்பி இருக்கும். பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன். அதில் ஒரு பழைய புடவைத் துணியைச் சுற்றி வைத்திருப்பார். ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்தத் துணியைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் வழுக்காமல் இருக்க என்று நானாக நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் போயிருந்தபோது, “என்னக்கா, முறுக்கு இளைச்சுப் போச்சு, ரெண்டு சுத்துதான் இருக்கு?” என்று கிண்டல் செய்தேன்.

“கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது தம்பி” என்றார். ஏதோ அரிசி விலை ஏறிவிட்டது என்கிற மாதிரி சாதாரணமாக.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. ராத்திரி விரல்கள் மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறார். டாக்டர் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றிருக்கிறார். “ஓய்வு குடுத்தா முறுக்கை டாக்டரா வந்து பிழிவாரு?” என்று அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் கையில் இருந்த முறுக்கைக் கீழே வைக்கவும் இல்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. நான் படித்தவன் அல்லவா? பள்ளிக்கூடத்து நெம்புகோல் பாடம் நினைவுக்கு வந்தது. கம்பி நீளமானால் அழுத்த வேண்டிய பலம் குறையும். பக்கத்துக்கு 4 அங்குலம் இருப்பதை 6 அங்குலம் ஆக்கினால் மூன்றில் இரண்டு பங்கு பலம் போதும். ஒரு லேத் பட்டறையில் நீளமான எவர்சில்வர் கம்பி போட்டு, இரண்டு முனையிலும் சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர் பிடியை மாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்க்க ஜோராக இருந்தது.

அக்கா ஒரே ஒரு சாயங்காலம் அதில் பிழிந்தார். மறுநாள் பழைய கம்பியும் புடவைத் துணியும் திரும்ப வந்துவிட்டன.

ஏன்? நீளக் கம்பி சுற்றும்போது முழங்கை வாணலிக் காது பக்கம் போகிறது. ரப்பர் எண்ணெய் குடித்துப் பிசுபிசுக்கிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய தப்பு வேறு. வலது கை மேலே திருகும்போது அச்சும் கூடவே சுற்றப் பார்க்குமே, அதைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்வது இடது கை. கம்பி எவ்வளவு நீளமானாலும் இடது கை தாங்க வேண்டிய முறுக்கு விசை அப்படியேதான் இருக்கும். வழவழவென்ற பித்தளைக் குழலை எண்ணெய்க் கையால் இறுக்கி இறுக்கி, அவருடைய இடது கைதான் முதலில் கெட்டுப்போயிருக்கிறது. வலி எந்தக் கையில் என்றுகூடக் கேட்காமல் வைத்தியம் செய்தவன் நான்.

இந்த மாதிரி கைப்பிடி மாற்றுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் துப்பாக்கிப் பிரியர்கள், சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே ஓர் அழுத்து எந்திரத்தில் வைத்து மறுபடி நிரப்புவார்கள். (நம்மூரில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்தால் கம்பி எண்ண வேண்டும். ஆசைப்படாதீர்கள்.) ஒவ்வொரு தோட்டாவுக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும். நூறு, இருநூறு என்று இழுத்தால் அதன் முனையில் இருக்கும் உருண்டைக் குமிழ் உள்ளங்கையைப் பதம் பார்த்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, கைக்கு இதமான பிடியைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். முறுக்கு அச்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிரப்பு, அழுத்து, திரும்ப நிரப்பு. பொழுதுபோக்குக்குச் செய்கிறவனுக்கு நல்ல பிடி கிடைக்கிறது. பிழைப்புக்குச் செய்கிறவருக்குப் புடவைத் துணி.

அமெரிக்காவிலேயே சாம் ஃபார்பர் என்று ஒருவர். அவர் மனைவி பெட்சிக்குக் கையில் மூட்டுவாதம். தோல் சீவுகிற கருவியைப் பிடிக்கவே முடியாமல் அந்த அம்மா தவித்ததைப் பார்த்துத்தான், தடிமனான, மெத்தென்ற ரப்பர் பிடி போட்ட சமையல் கருவிகளை 1990-ல் ‘ஆக்ஸோ’ என்ற பெயரில் கொண்டுவந்தார். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிறது. நானும் ரப்பர் பிடிதான் போட்டேன். ஆனால் அந்த மனிதர் முதலில் மனைவியின் கையைப் பார்த்தார்.

சரி, கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019-ல் தனி மாவட்டம் ஆன ஊர். மேற்கே கல்வராயன் மலை. வெளியூர்க்காரர்களுக்குக் கரும்பும் நெல்லும்தான் தெரியும். ஆனால் மரச் சிற்பத்துக்கும் பேர்போன ஊர் இது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அக்கா பையன்தான், “மாமா, மரம் செதுக்கறவங்ககிட்ட கேட்டுப் பாக்கலாமே” என்றான். எனக்குச் சங்கடம். சாமி செதுக்குகிறவரிடம் போய் முறுக்கு அச்சை நீட்டுவதா?

நீட்டினேன். பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும். ஒரு யாளியின் பல்லைக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிச் செதுக்கிக்கொண்டிருந்தார். அச்சைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“கை யாருது?”

“எங்க அக்காவுது.”

“அவங்கள கூட்டியாங்க. மாவையும் எடுத்தாரச் சொல்லுங்க.”

மறுநாள் அக்கா ஒரு தூக்கில் முறுக்கு மாவோடு வந்தார். அவருக்கு ஒரே வெட்கம். பெரியவர் பட்டறையில் அந்த மரத்தூளுக்கு நடுவே பலகையில் உட்காரவைத்து, நாலு முறுக்கு பிழியச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தார். “மாவை இன்னும் கொஞ்சம் இளக்கமா பிசையக் கூடாதாம்மா? கை நோவாதே.”

“இளகிப் போனா எண்ணெய் குடிச்சிடுங்க. எனக்குக் கட்டுபடி ஆவாது.”

“அப்ப சரி” என்று தலையாட்டினார். பிறகு கொஞ்சம் மாவை நீளமாக உருட்டிக் கொடுத்து, “அச்சை எப்படிப் பிடிப்பீங்களோ அப்படி இறுக்கிப் பிடிங்க” என்றார். அக்கா பிடித்தார். விரித்தார். உள்ளங்கை மடிப்பு, விரல் இடுக்கு, கட்டைவிரல் சாய்ந்து நின்ற கோணம் எல்லாம் மாவில் பதிந்திருந்தன. அதற்கு மேல் குச்சி வைத்து அளந்துகொண்டார்.

ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுடுகிறவர்களின் கைப்பிடியைப் பார்த்திருக்கிறீர்களா? 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினாரே, அந்தப் போட்டிகளில் பயன்படுகிற பிஸ்டலின் பிடி, உள்ளங்கைக்கு ஏற்றபடி வளைந்து நெளிந்து இருக்கும். வீரர்கள் அதில் மரப்பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்துத் தங்கள் கைக்கென்று சரிசெய்துகொள்வது உண்டு. முறுக்கு மாவில் கைரேகை எடுத்த பெரியவர் செய்ததும் அதேதான்.

ஒரு வாரத்தில் கொடுத்தார். கம்பி பழைய நீளமேதான். இரண்டு பக்கமும் வாகை மரத்தில் குடைந்த உறை. தடிமன் ஒன்றேகால் அங்குலம் இருக்கும். கம்பி மெல்லிசாக இருந்தால் விரல்கள் அதைச் சுற்றி வந்து உள்ளங்கையிலேயே முட்டிக்கொள்ளும். பலத்தில் பாதி இறுக்கிப் பிடிப்பதிலேயே செலவாகிவிடும். அழுத்தமெல்லாம் கோடு மாதிரி ஒரே இடத்தில் விழும். பெரும்பாலான கைகளுக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் பிடிதான் தோது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவருக்குக் குச்சி சொல்லிவிட்டது.

குழலைச் சுற்றி ஒரு மரப் பட்டையும் போட்டிருந்தார். அதில் பக்கவாட்டில் ஒரு குட்டிக் கை. இடது கை இனிமேல் குழலை நெரிக்க வேண்டாம், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். நான் கேட்கவே கேட்காத விஷயம். அக்காவும் சொல்லவில்லை. பிழியும்போது பார்த்திருக்கிறார்.

“வார்னிஷ் அடிக்கலியா?” என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“எண்ணெய்க் கைக்கு வார்னிஷ் வழுக்குங்க. சும்மா வுடுங்க, கை பட்டுப் பட்டு அதுவே மெருகாயிடும்.”

300 ரூபாய் வாங்கினார். கூட ஒரு பொட்டலம் முறுக்கு.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். முழுசாகப் போகவில்லை. 18 வருடத்து நசுக்கல் ஒரு மரத்துண்டில் தீருமா? ராத்திரி மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு தூங்குகிறார். ஆனால் கையை உதறிக்கொண்டு எழுவது குறைந்திருக்கிறது. முறுக்குக்கு மூன்றாவது சுற்று திரும்ப வந்துவிட்டது.

போன வாரம் போன் செய்தார். உதவிக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறாராம், பிழிவதில் பாதியை அவள் பார்த்துக்கொள்கிறாளாம். “நல்லதுக்கா, அந்த அச்சை அவளுக்கும் குடு” என்றேன்.

“அது எப்படிடா ஒத்துக்கும்? அவ கை எங்கைய விடப் பெருசு. அடுத்த வாரம் பெரியவர்கிட்ட அவளயும் கூட்டிக்கிட்டுப் போறன். மாவு பிசைஞ்சு எடுத்துக்கிட்டு.”