ஹயக்ரீவர் மலையில் ஒரு ரேஸ் கார் ஃபைல்

தேர்வு நேரத்தில் திருவந்திபுரம் போனால், ஹயக்ரீவர் சந்நிதியில் பேனாவும் ஹால் டிக்கெட்டும் கையுமாகப் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கலாம். போன மாதம் அந்தக் கூட்டத்தில் ஒரு நீல நிற ஃபைலும் இருந்தது. உள்ளே இருந்தது ஒரு காரின் ஜாதகம். கொண்டு வந்தவன் என் அக்கா மகன்.

கடலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஊருக்குள் நுழைந்ததும் கெடிலம் ஆறு. அதன் கரையில் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான தேவநாத சுவாமி கோயில். நடு நாட்டுத் திவ்ய தேசங்கள் இரண்டே. ஒன்று திருக்கோவிலூர், இன்னொன்று இது. நாங்கள் போனது முகூர்த்த நாள். திரும்பிய பக்கமெல்லாம் மணமக்கள். நிதானமாகச் சேவிக்க நினைப்பவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்!

பெருமாளையும் செங்கமலத் தாயாரையும் சேவித்துவிட்டு, எதிரே இருக்கும் ஔஷதகிரியில் ஏறினோம். எழுபத்துச் சொச்சம் படிகள்தான். மேலே குதிரை முகத்தோடு கல்விக் கடவுள் ஹயக்ரீவர்.

"மாமா, என் வண்டிக்கும் குதிரைத் திறன்தானே கணக்கு? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேன்" என்று சிரித்தான்.

சிரிப்புக்குப் பின்னால் கவலை இருந்தது. பழைய மாருதி ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு பற்றவைத்து, இரண்டு வருடமாக ரேஸுக்குத் தயார் செய்கிறான். அக்காவின் வளையல் அடகில் இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. வண்டியைச் சாலையில் ஓட்டிக் காட்டவும் வழியில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டிக்குப் பதிவு கிடையாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இனி அது லாரியில் ஏறி ரேஸ் டிராக்குக்குத்தான் போக வேண்டும்.

படியில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தேன். பதினாறு பக்கம். எஞ்சின், சஸ்பென்ஷன், சைலன்சர் என்று எல்லாம் இருந்தது. பணம் போடுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும் இல்லை.

"கரிவர்தன் கதை தெரியுமாடா?" என்றேன்.

கோவைக்காரர் கரிவர்தன். மாருதி 800 எஞ்சினை வைத்தே 1980-களின் கடைசியில் 'ஃபார்முலா மாருதி' என்ற ரேஸ் காரை உருவாக்கியவர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் அதனால் ரேஸுக்குள் வர முடிந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிப்பாளையம் ரேஸ் டிராக் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. ஃபார்முலா மாருதி ஓட்டி வளர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினார். இந்தியாவிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். அவருக்கே டாடா போன்ற ஸ்பான்சர்கள் தேவைப்பட்டார்கள்.

"ரேஸ்ல திறமை பாதி, ஸ்பான்சர் பாதி. நீ கேட்கிறது தானம் இல்லடா, வியாபாரம். அவங்க பேர் கார்ல எங்கே வரும், யார் பார்ப்பாங்க, ரேஸ் முடிஞ்சதும் என்னென்ன போட்டோ அனுப்புவே... இதை முதல் பக்கத்துல எழுது. பணமா தரலைன்னா ஆயிலா, பிரேக் பேடா கேளு. நம்ம ஊர்க் கடையிலிருந்து ஆரம்பி."

கீழே இறங்கி, வேதாந்த தேசிகர் திருமாளிகைக்குப் போனோம். பல வருடங்கள் இந்த ஊரில் வாழ்ந்த மகான். 'எல்லாம் தெரிந்தவர் என்கிறார்களே, ஒரு கிணறு கட்டுங்கள் பார்க்கலாம்' என்று ஒரு கொத்தனார் சவால் விட்டாராம். கோணல்மாணலான செங்கற்களைத்தான் கொடுத்தாராம். தேசிகர் அவற்றை வைத்தே தன் கையால் கிணறு கட்டி முடித்தார் என்பார்கள். அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது.

அவன் வெகு நேரம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். "கிடைச்ச கல்லை வச்சே கட்டியிருக்காரு மாமா" என்றான். அப்புறம் பஸ் வரும்வரை பேசவில்லை.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். பதினாறு பக்கம் இரண்டு பக்கமாகிவிட்டதாம். ஒன்பது கடை ஏறி இறங்கியதில், உதிரி பாகம் விற்கும் ஒருவர் ஒரு சீசனுக்கான ஆயிலும் பிரேக் பேடும் தருகிறேன் என்றிருக்கிறார். பதிலுக்குக் கதவில் கடைப் பெயர். போட்டி லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டான். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவதுதான் முதல் கனவு.

வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. "அது மெதுவா வரட்டும். தலைக்கு நல்ல ஹெல்மெட் வாங்கிட்டானான்னு மட்டும் நீ கேளுடா" என்றாள் அக்கா.