உலோகத்தின்மேல் ஒரு தோல்

'ஸ்ரென்ற்' என்னுஞ் சொல் இன்று நம் பழைய மாணவர் கூடுமிடமெல்லாம் அடிபடுகின்றது. அதனை வைத்தவுடன் காரியம் முடிந்தது என்பதே பலர் துணிபு. நாம் அங்ஙனங் கருதோம். வைத்த பின்னரே மெய்யான அலுவல் தொடங்குகின்றது.

1977 இல் சூரிச் நகரிற் கிறுன்ற்சிக் என்னும் மருத்துவர் சிறு பலூனை ஊதி இதய நாடியின் அடைப்பை விரித்தார். விரித்த நாடி சிலர்க்கு மீண்டுஞ் சுருங்கலாயிற்று. அதனைத் தாங்குதற்கு 1986 இல் பிரான்சிலும் சுவிற்சலாந்திலும் உலோக வலைக்குழாயை உள்ளே நிறுத்தினர். ஆயின், பலூன் விரியும்போது நாடியின் உட்புறத்தைப் போர்த்துள்ள அகவணி கிழிகின்றது. ஒரேயொரு கலத்தின் தடிப்பேயுடைய இவ்வணிதான் குருதி உறையாவண்ணங் காப்பது. அது போன இடத்திற் குருதிச் சிறுதட்டுக்கள் வந்து ஒட்டும். சுவரின் தசைக்கலங்களும் மிகப் பெருகி வழியை மறுபடி அடைக்கும்.

இப்பெருக்கத்தைத் தடுக்க வந்தது சிரோலிமசு. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரொன்று ஈந்த மருந்து இது. அதனைப் பிரித்தெடுத்த சுரேந்திரநாத் சேகல், மொன்றியல் ஆய்வுகூடம் மூடப்பட்டபோது, அதனைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தார் என்பர். நம்மூரில் எவ்வில்லத்தரசி இதற்கு இசைவாரோ! 2003 இல் அமெரிக்கா இம்மருந்து பூசிய குழாயை ஏற்றது. மீளடைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால், தசைக்கலத்தைத் தடுத்த மருந்து அகவணிக் கலத்தையும் விட்டுவைத்திலது. புண் ஆறாதிருக்க, ஓராண்டு கழிந்தும் சிலர்க்கு உலோகத்தின்மேற் குருதி உறைந்தது. 2006 இல் இச்செய்தி இதய மருத்துவரிடையே பெருங் கலக்கம் விளைத்தது.

தடுத்தால் மட்டும் போதாது, ஆற்றவும் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதற்கெழுந்த உபாயங்களுள் ஒன்று நமக்கு மிகவும் இனிக்கின்றது. குருதியில் அலையும் முன்னோடிக் கலங்களின் மேற்பரப்பிற் சி.டி. 34 என்னும் அடையாளப் புரதம் உண்டு. அதனைப் பற்றும் பிறபொருளெதிரியை வலையிற் பூசினால், ஓடுங் குருதியிலிருந்தே கலங்கள் பிடிபட்டு, கல்லிற் பாசி படர்வது போல உலோகத்தைப் போர்த்தும் என எதிர்பார்த்தனர். பிடிபட்டவை யாவும் அகவணியாகவில்லை. அவ்வடையாளம் வேறு கலங்களுக்கும் உண்டன்றோ? தனித்து வைத்தபோது, மீளடைப்பைத் தடுப்பதில் அது மருந்துப்பூச்சினை வெல்லவில்லை. பின்னர், குருதி ஓடும் பக்கத்தில் இப்பிடிபொருளும் சுவரைத் தொடும் பக்கத்திற் சிரோலிமசுமாக இரண்டையும் இணைத்தனர். வேறு சிலர், மருந்தைத் தாங்கும் பிசின் தானே கரைந்து மறையுமாறு செய்தனர்.

எப்பூச்சாயினும், தோல் மூடும்வரை சிறுதட்டுக்களை அடக்கும் மாத்திரைகளே காவல். பல்லுப் பிடுங்குவதற்காகவோ, உடம்பு சுகமாகிவிட்டதென்றோ அவற்றைத் தாமாகவே நிறுத்த எண்ணும் அன்பர்கள் முதலில் தம் இதய மருத்துவரைக் கேட்பாராக.