கிறுக்கல் பெயரில் ஒரு வாத்தியார்

"மாமா, அப்பா எழுதின பாஞ்சாலங்குறிச்சிக் கட்டுரை உங்ககிட்ட இருக்கா?"

2024-ஆம் வருஷம் தை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். தூத்துக்குடியிலிருந்து டெலிபோன். பேசியவள் என் சிநேகிதரின் மகள். சிநேகிதர் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் மகளோடு தூத்துக்குடியில் வசித்து, அங்கேயே காலமானார். அவர் விட்டுப் போன சொத்து, ஒரு தகரப் பெட்டி நிறைய நோட்டுப் புத்தகங்கள். முந்திய டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தச் சீமையில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்தில் வருஷம் முழுதும் பெய்வதைவிட அதிகம். பெட்டி முதலில் மிதந்ததாம், பிறகு மூழ்கியதாம். நோட்டுகளை வெயிலில் உலர்த்திப் பார்த்தால் நீலக் கறை மட்டும் மிச்சம்.

அந்த நோட்டுகளில் ஒன்றில்தான் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டுரை இருந்தது. கட்டபொம்மனின் வீரத்தைப் பற்றியது அல்ல. அதை எழுதத்தான் எத்தனையோ பேர் இருக்கிறார்களே! கோட்டை இருந்த மேட்டைச் சுற்றியுள்ள புஞ்சைகள், குளங்கள், வண்டிப்பாதைகள் இவற்றின் பெயர்களை ஊர்க் கிழவர் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். அச்சுப் பத்திரிகை எதுவும் அதற்கு இடம் தரவில்லை. 2002-ஆம் வருஷம் ஓர் இணைய இதழ் வெளியிட்டது.

"கம்ப்யூட்டர்ல தேடித் தேடிப் பாத்துட்டேன் மாமா. பாஞ்சாலங்குறிச்சின்னு போட்டா சினிமாவும் வீடியோவுமா கொட்டுது. அப்பா பேரைப் போட்டாலும் அந்தக் கட்டுரை வரல."

"பார்க்கிறேன் அம்மா" என்று சொல்லி டெலிபோனை வைத்தேன். எனக்கு உள்ளூர ஒரு குற்றம் குறுகுறுத்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டுரை இணையத்தில் வந்தவுடன் வாத்தியார் அதை நாலு தாளில் அச்சடித்து எனக்குத் தபாலில் அனுப்பினார். "படித்து அபிப்பிராயம் எழுதவும்" என்று மேலே ஒரு சீட்டும் குத்தியிருந்தார். அப்போது எனக்குத் தொடர்கதை நெருக்கடி. வீட்டில் வெள்ளைத்தாள் தீர்ந்த ஒரு ராத்திரியில், பின்பக்கம் காலியாக இருந்த அந்தத் தாள்களில் மூன்றை எடுத்து ஓர் அத்தியாயத்தை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். சீட்டுக் குத்தியிருந்த முதல் தாள் மட்டும் தப்பியது. அபிப்பிராயம் எழுதவேயில்லை. வாத்தியாரும் கேட்கவில்லை. கேட்கிற மனிதர் அல்லர் அவர்.

அந்த ஒற்றைத் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு ரெயில் ஏறினேன்.

கட்டுரையைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவர் துறைமுகச் சாலைப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒரு தம்பி. இப்போது அதே கடையில் ஜெராக்ஸும், ஆதார் விண்ணப்பமும், பரீட்சைக்குப் பணம் கட்டுவதுமாக வியாபாரம் நடக்கிறது. தலை நரைத்திருக்கிறது. வாத்தியார் பெயரைச் சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சார் கட்டுரை தேடினா வராது அண்ணாச்சி. அப்பவே வராது. சார் அதுக்கு எம்புட்டு வருத்தப்பட்டாங்க!"

ஏன் வராது என்று அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். ஆதியில் அந்த எண்களில் தமிழுக்கென்று இடம் கிடையாது. அதனால் நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும் தலையில் கொம்பும் புள்ளியும் வைத்து எழுதுகிறானே, அந்த எழுத்துக்களின் எண்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குத் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்திவிட்டார்கள். அந்தப் போர்வைக்குப் பெயர் எழுத்துரு. போர்வை இருக்கும் வரையில் அது 'ப'. போர்வையை எடுத்தால் கொம்பு முளைத்த 'ஏ'. ஆளுக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஓர் எண்வரிசை என்று பெருகியது. 1999-இல் சென்னையில் மாநாடு கூடி ஒழுங்கு செய்து பார்த்தார்கள். அதற்குப் பிறகும் பல பத்திரிகைகள் தங்கள் சொந்த எழுத்துருவை விடவில்லை.

வாசகர்கள் அந்தப் போர்வையை முன்கூட்டியே தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருக்க வேண்டியிருந்தது. 1997-இல் அந்தத் தொல்லை குறைந்தது. நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்று அப்போது போட்டியிட்ட இரண்டு உலாவிகளும் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்துக் கொண்டுவரக் கற்றுக்கொண்டன. ஆனால் ஒன்றின் போர்வை மற்றொன்றுக்கு உதவாது. சம்பந்திகள் மாதிரி! ஆகவே இதழ் நடத்தியவர்கள் வாசலில் ஒரு காவற்காரனை நிறுத்தினார்கள். வருகிற உலாவி தன் பெயரைச் சொல்லவேண்டும். எக்ஸ்ப்ளோரர் என்றால் ஒரு பக்கம். நெட்ஸ்கேப் என்றால் வேறொரு பக்கம். வேறு யாராவது வந்தால், "இவ்விதழை எக்ஸ்ப்ளோரர் மூலம் பார்க்கவும்" என்ற அறிவிப்பு மட்டும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. உலாவிகள் உண்மைப் பெயர் சொல்வதில்லை. நெட்ஸ்கேப்புக்கு மட்டும் கதவு திறந்த காலத்தில், எக்ஸ்ப்ளோரர் தானும் 'மொசில்லா' என்று நெட்ஸ்கேப்பின் பெயரையே சொல்லி உள்ளே நுழைந்தது. இன்றைய குரோம்கூட அந்தப் பொய்ப் பெயரைத்தான் முதலில் சொல்கிறது. பிழைப்புக்காகப் பெயர் மாற்றிக்கொள்வதை மனிதர்கள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட வாசலுக்குத்தான் தேடுபொறியின் ஆள் வருகிறான். அவன் மனிதன் அல்லன், ஒரு நிரல். பக்கம் பக்கமாகப் போய் எழுதியிருப்பதை எடுத்துவந்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பேரேட்டில் பதிவது அவன் உத்தியோகம். நாம் கேட்கும்போது தேடுபொறி உலகத்தைச் சுற்றி ஓடுவதில்லை. அந்தப் பேரேட்டைத்தான் புரட்டுகிறது. அவன் எக்ஸ்ப்ளோரரும் இல்லை, நெட்ஸ்கேப்பும் இல்லை. அதனால் முகப்பு வாசலில் அவனுக்குக் கிடைத்தது வெறும் அறிவிப்பு. அதையே பயபக்தியோடு பதிந்துகொண்டான். உட்பக்கங்களுக்குக் காவல் கிடையாது, அங்கே போனான். ஆனால் அவனுக்குக் கண் இல்லை. எழுத்துருவைப் போர்த்திப் பார்க்க அவனுக்குத் தெரியாது. கையில் கிடைத்த எண்களை எண்களாகவே படித்தான். எங்கள் வாத்தியாரின் செந்தமிழ் முழுவதையும் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துக்களாகப் பதிந்துவிட்டுப் போனான்.

2003-இல் வாத்தியார் ஒரு நாள் கடைக்கு வந்து, "என் பேரு வருதான்னு பாரு தம்பி" என்றாராம். தமிழில் அடித்தார்கள். ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. தம்பிக்கு ஒரு யோசனை. பக்கத்திலிருந்து வாத்தியாரின் பெயரையே நகல் எடுத்துத் தேடும் இடத்தில் ஒட்டினார். ஒட்டியதும் தமிழ் மறைந்து கிறுக்கலாகிவிட்டது. ஆனால் தட்டிவிட்டதும் முதல் வரியிலேயே கட்டுரை வந்து நின்றது!

வாத்தியார் அந்தக் கிறுக்கலையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அப்போ நான் இந்தப் பேர்லதான் இருக்கேனாக்கும்? யாரு வந்து இந்தப் பேரைச் சொல்லிக் கேப்பா?"

பிறகு தமக்கே உரிய முறையில் சிரித்தாராம். "பாஞ்சாலங்குறிச்சிப் பேரைக் கும்பெனிக்காரன் பேரேட்டுல இருந்து அடிச்சான். என் பேரை எவன் அடிச்சான்? ஒருத்தனும் அடிக்கல. தப்பா எழுதிட்டான், அவ்வளவுதான்."

தமிழுக்கென்று சொந்த எண்கள் யூனிகோடில் 1991 முதலே இருந்தன. விண்டோஸ் 2000-இலேயே அவற்றைக் கொண்டு எழுதவும் படிக்கவும் முடிந்தது. ஆனால் பழைய பக்கங்களை மாற்ற எத்தனை பேருக்குப் பொறுமை இருந்தது? இடையில் நெட்ஸ்கேப் அந்தப் போர்வை வித்தையைக் கைவிட்டது. 2008-இல் தானே போய்விட்டது. எக்ஸ்ப்ளோரரும் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. வாத்தியாரை வெளியிட்ட இதழ் அதற்கு வெகு காலம் முன்பே கடையைக் கட்டிவிட்டது. பக்கம் செத்துவிட்டால் தேடுபொறி அதைப் பேரேட்டிலிருந்து கழித்துவிடும். கிறுக்கல் பெயரும் போயிற்று.

"இப்போதாவது அவனுக்குக் கண் வந்திருக்கிறதா?" என்று கேட்டேன்.

வந்திருக்கிறது என்றார் தம்பி. 2019 முதல் கூகிளின் ஆள் புதிய குரோம் உலாவியையே மாட்டிக்கொண்டு பக்கத்தை விரித்துப் பார்க்கிறானாம். பெரும்பாலும் கைபேசிக்காரனைப் போல வேஷம் போட்டுக்கொண்டு வருகிறானாம். ஆனால் பொத்தானை அமுக்கினால்தான் தெரியும் என்று வைத்திருப்பதை அவன் அமுக்கிப் பார்ப்பதில்லை. அவனுக்கு ஒன்றும் வாசகருக்கு வேறொன்றும் காட்டி ஏமாற்றினால் பேரேட்டிலிருந்து தள்ளிவைத்துவிடுவான். நியாயந்தான். ஆனால் எங்கள் வாத்தியாருக்கு அந்த நியாயம் பிந்தி வந்தது.

நான் பையிலிருந்து அந்த ஒற்றைத் தாளை எடுத்து நீட்டினேன். தம்பி கட்டுரையைப் பார்க்கவில்லை. தாளின் அடி ஓரத்தைப் பார்த்தார். பார்த்தவர் துள்ளி எழுந்துவிட்டார். எக்ஸ்ப்ளோரரில் அச்சடித்தால் பக்கத்தின் முகவரியையும் கீழே பொடி எழுத்தில் அச்சடித்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அது என் மேஜையில் இருந்திருக்கிறது!

அமெரிக்காவில் இணைய ஆவணக் காப்பகம் என்று ஒரு ஸ்தாபனம் 1996 முதல் பக்கங்களை உள்ளது உள்ளபடி எடுத்து வைத்து வருகிறது. அங்கே முகவரி இருந்தால் பழைய பக்கத்தைக் கேட்கலாம். கேட்டார். நாலு தாள் கிறுக்கல் வந்து விழுந்தது. வாத்தியாரின் மகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதைத் தமிழாக்குவது ஒரு ராத்திரி வேலையாயிற்று. சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. பழைய எழுத்துருவில் 'கொ' என்பதற்கு, டைப்ரைட்டரில் அடிப்பதைப்போல, முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடிலோ 'க' முதலில். எழுத்தை மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். காலையில் தம்பி தாள்களைக் கொடுத்தபோது ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். ஓர் எழுத்தின் எண் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. அந்த எழுத்து வரும் இடமெல்லாம் கேள்விக்குறி நிற்கும்.

அன்றைக்கே மூன்று பேரும் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். 1974-இல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டையைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பக்கத்தில் பழைய கோட்டையின் அடித்தளம் இருக்கிறது. 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மறுபடி எழுப்பினான். மே மாதம் அதுவும் விழுந்தது. தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கும் உப்பும் விதைத்தார்கள் என்றும், ஊரின் பெயரையே ஜில்லாப் பதிவேடுகளிலிருந்து நீக்கினார்கள் என்றும் சொல்கிறார்கள்.

ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் உரக்கப் படித்தேன். மூன்றாவது தாளில் நிறுத்தினேன். "?ப்புப் புஞ்சை" என்று இருந்தது.

"உப்புப் புஞ்சை!" என்று கத்திவிட்டேன். கும்பெனியார் உப்பு விதைத்த இடமே இதுதான். இருநூறு வருஷமாக ஒரு பெயருக்குள் அந்தச் செய்தி உயிரோடு இருந்திருக்கிறது. கதாசிரியன் புத்தி அல்லவா? அரை நிமிஷத்தில் ஒரு நாவலின் முதல் அத்தியாயம் தயாராகிவிட்டது.

தம்பி தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. மத்த இடத்துல 'உ' ஒழுங்கா வந்திருக்கு. 'உடைமரம்'னு இருக்கு, 'உழவு'ன்னு இருக்கு. கெட்டுப் போன இடத்தைப் பாருங்க. 'கேள்விக்குறி-வர்', அது சுவர். 'அர-கேள்விக்குறி', அது அரசு. போனது 'சு'. அது சுப்புப் புஞ்சை."

மகள் அடுத்த வரியைப் படித்தாள். "இதற்கு விசேஷ காரணம் ஒன்றுமில்லை, உழுதவர் பெயர்" என்று வாத்தியார் எழுதியிருந்தார். அவள் வெகு நாள் கழித்துச் சிரித்திருப்பாள் என்று தோன்றியது. நான் பேனாவை எடுத்து, கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக அடித்து 'சு' போட்டேன். பிறகு அந்தப் பழைய சீட்டின் கீழே என் அபிப்பிராயத்தை எழுதி மகளிடம் கொடுத்தேன். அது அவளுக்கும் வாத்தியாருக்கும் உள்ளது, இங்கே வேண்டாம்.

கட்டுரையை யூனிகோடில், காவற்காரன் இல்லாத பக்கத்தில், தம்பியே ஏற்றிவைத்தார். மூன்று வாரம் கழித்து டெலிபோன் வந்தது.

"பாஞ்சாலங்குறிச்சின்னு போட்டா இன்னும் சினிமாதான் அண்ணாச்சி முன்னால வருது. நீங்க சுப்புப் புஞ்சைன்னு போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். முதல் வரியில் வாத்தியார் இருந்தார்.