அசைக்காத எண்

பம்பை ஒருக்கா அமத்தினால் 100 மைக்ரோகிராம் சல்பியூட்டமோல் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதில் எவ்வளவு சுவாசப்பைக்குள் போகும் என்று போட்டிருக்காது. போடவும் ஏலாது. மருந்துத் துணிக்கை 1 முதல் 5 மைக்ரோமீற்றர் பருமனில் இருந்தால் உள்ளே போகிற வாய்ப்பு அதிகம். அதைவிடப் பெரியவை தொண்டையில் மோதி ஒட்டிக்கொண்டு, எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். மிகச் சிறியவற்றில் ஒரு பங்கு வெளிமூச்சோடு திரும்பி வந்துவிடும். இதற்கு மேல், அமத்துகிற நேரமும் மூச்சு இழுக்கிற நேரமும் ஒத்துவர வேண்டும். மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பிறகு ஒரு 10 செக்கன் மூச்சைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். முட்டு வந்து தவிக்கிற ஓர் அம்மம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கோ!

உள்ளே போன மருந்துக்கு என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவரின் நெஞ்சையும் திறந்து பார்க்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் கணினிக்குள் ஒரு சுவாசப்பையைக் கட்டுகிறார்கள். இதற்கு இன்றைக்கும் பலர் எடுத்துக்கொள்கிற அடிப்படை, எவால்ட் வைபல் 1963 இல் வெளியிட்ட அளவுகள். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அவை ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, இப்படி 23 தடவை பிரிகிற ஒரு மரம். அந்த மரத்தில் துணிக்கை எங்கே படியும், எவ்வளவு வேகமாகக் கரையும், எப்போது இரத்தத்தில் சேரும் என்று மொடல் கணக்குப் போடும். அதற்குள் போடுகிற எண்கள் ஏராளம். சிலவற்றை அளந்திருப்பார்கள். சிலவற்றை விலங்குகளிலிருந்து எடுத்திருப்பார்கள். சில வெறும் ஊகம்.

நாங்கள் கலைப்பீடத்துக்காரர். சமன்பாட்டைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிற ஆட்கள். ஆனால் மொடலைக் கட்டி முடித்த பிறகு அவர்கள் செய்கிற ஒரு வேலை எங்களைப் பிடித்து நிறுத்தியது. மொடலிடமே அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்: ‘நாங்கள் உனக்குத் தந்த எண்களில் எது பிழைத்தால் உன்ர விடை கவிழும்?’ இதற்குப் பெயர் உணர்திறன் பகுப்பாய்வு.

சொதி வைக்கிற ஆளுக்கு இது விளங்கும். வெந்தயம் நாலு கூடிப்போனால் ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். உப்பு ஒரு கரண்டி கூடினால் சட்டியோடு போச்சு. சொதி உப்புக்கு உணர்திறன் கூடியது, வெந்தயத்துக்குக் குறைந்தது. அதேபோல மொடலில் ஒவ்வோர் எண்ணாகக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் விடை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கிறார்கள். எதை முதலில் கவனமாக அளக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரியவரும்.

ஆனால் ஒன்றை மட்டும் அசைத்துப் பார்ப்பது போதாது. ஏ.எல். பொருளியலில் ‘ஏனையவை மாறாதிருக்க’ என்று படித்தோமே, அதே சிக்கல்தான். சொதிக்கு உப்பு எவ்வளவு வேண்டும் என்பது தேசிக்காய்ப் புளி எவ்வளவு விட்டிருக்கிறோம் என்பதிலும் தங்கியிருக்கிறது. சுவாசப்பையிலும் அப்படித்தான். மேல் குழாய்களில் சளிப்படலம் ஓயாமல் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். மெதுவாகக் கரைகிற மருந்து அங்கே படிந்தால், கரைவதற்கு முன்னமே சளி அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். அடியில் இருக்கிற காற்றுப்பைகளில் அந்தத் தள்ளல் இல்லை. மருந்து இருந்து ஆறுதலாகக் கரையலாம். ஆகவே கரைகிற வேகம் முக்கியமா என்று கேட்டால், எங்கே படிந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதனால்தான் எல்லா எண்களையும் ஒன்றாக அசைத்துப் பார்க்கிற முறைகளும் வந்தன.

இதில் எங்களை உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. அசைத்த எண் மட்டுமே பட்டியலில் வரும். ஒரு எண்ணை ஆரம்பத்திலேயே நிலையானது என்று பூட்டிவிட்டால் அதன் உணர்திறன் பூச்சியம் என்றே தெரியும். அது முக்கியமில்லாததால் அல்ல, யாரும் அதைத் தொடாததால்.

மூச்சால் எடுக்கிற இன்சுலினைப் பாருங்கோ. ‘எக்சுபெரா’ என்ற பெயரில் பைசர் நிறுவனத்தின் மருந்துக்கு 2006 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிகரெட் குடிக்கிறவர்களின் இரத்தத்தில் அந்த இன்சுலின் மற்றவர்களைவிட வேகமாகவும், சில மடங்கு அதிகமாகவும் சேர்ந்தது. சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அதனால் புகைப்பவர்களும், விட்டு 6 மாதம் ஆகாதவர்களும் பாவிக்கக்கூடாது என்று விதித்தார்கள். அதைவிட விசித்திரம், பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்களில் உறிஞ்சல் குறைந்தது. மருந்து ஒன்று, அளவு ஒன்று, அறையில் யார் புகைக்கிறார் என்பதைப் பொறுத்து விடை இரண்டு பக்கமும் ஓடுகிறது. இதெல்லாம் மனிதர்களில் பரிசோதித்துத் தெரிந்தவை. புகைக்காதவரின் சுவாசப்பையை மட்டும் போட்டு, உறிஞ்சல் வேகத்தைப் பூட்டி வைத்த ஒரு மொடல் இதை ஒருக்காலும் சொல்லியிராது. (போதிய விற்பனை இல்லாமல் 2007 இலேயே பைசர் அந்த மருந்தைக் கைவிட்டது, அது வேறு கதை.)

ஆகவே ‘எந்த எண் முக்கியம்’ என்பதற்கு முன்னால், ‘எந்த எண்ணை எந்த எல்லைக்குள் அசைத்தீர்கள்’ என்று கேட்க வேண்டும். எல்லையைக் கணினி தீர்மானிப்பதில்லை, ஒரு ஆள் தீர்மானிக்கிறார். அந்த எல்லைக்குள் சுகதேகியான வளர்ந்த ஒருவரின் குழாய்கள் மட்டும்தானா? வீங்கி ஒடுங்கிய குழாய்களும் இருக்கின்றனவா? பிள்ளைகள்? பிள்ளையின் சுவாசப்பை பெரியவருடையதைச் சுருக்கிச் செய்த பிரதி இல்லை. பிறந்து சில வருடங்கள் வரைக்கும் புதிய காற்றுப்பைகள் முளைத்துக்கொண்டே இருக்கும். விறகடுப்புப் புகையில் வருடக்கணக்காக நின்றவர்கள்?

இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. மலிவான மாற்றுப் பம்ப் ஒன்று மூல மருந்துக்குச் சமமா என்று தீர்மானிக்க இப்படியான மொடல்களைப் பயன்படுத்தும் ஆய்வுகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே பணம் கொடுக்கிறது. நல்ல விசயம், மருந்து விலை குறையும். ஆனால் மொடலுக்குள் இல்லாத நெஞ்சுக்காரரும் அதே பம்பைத்தான் வாங்குவார்கள்.

கணக்குத் தெரியாதவர்களுக்கு இதில் கதைக்க ஒன்றும் இல்லை என்று நாங்கள் இப்போது நினைப்பதில்லை. ஒரு எண்ணை ஏன் பூட்டினீர்கள் என்று கேட்பதற்குச் சமன்பாடு தெரிய வேண்டியதில்லை. யாரை நினைத்து அதைப் பூட்டினீர்கள் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.