ஆச்சிக்கு விடுமுறை எப்போது?

உபாத்தியாயர் உத்தியோகத்தைப் பற்றி உலகத்தார் பலவிதமாகப் பரிகசிப்பதுண்டு. சம்பளத்தைப் பற்றிப் பரிகசிப்பார்கள். மூக்குக் கண்ணாடியைப் பற்றிப் பரிகசிப்பார்கள். ஆனால், விடுமுறை என்ற பேச்சு எழுந்தால் மட்டும் அத்தனை பேருடைய முகத்திலும் பொறாமை தாண்டவமாடும். "உமக்கென்ன ஐயா! காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, கோடை விடுமுறை!" என்று பெருமூச்சு விடுவார்கள். அப்படிப் பெருமூச்சு விடுகிறவர்களிடம் இரண்டு சிறு குழந்தைகளையும், ஏழு மூட்டைகளையும், திருத்தப்படாத நூற்றிருபது விடைத்தாள்களையும் ஒப்படைத்து, டிசம்பர் மாதக் கடைசியில் தெற்கே போகும் ரயிலில் ஏற்றிவிட வேண்டும் என்பது நமது நெடுநாளைய ஆசை.

நமது சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். 1847-ஆம் ஆண்டில் பிரதிஷ்டையான மெஞ்ஞானபுரம் தூய பவுலின் ஆலயமும், அதன் 192 அடி உயரக் கோபுரமும் அந்தப் பக்கத்துக்கே அடையாளம். பனங்காட்டுக்கு மேலே கோபுரத்தின் நுனி தெரிந்துவிட்டால், "ஆச்சி ஊர் வந்துவிட்டது!" என்று நம் குழந்தைகள் பஸ்ஸிலேயே எழுந்து நிற்பார்கள். மூத்தவளுக்கு அப்போது வயது ஏழு, இளையவனுக்கு நான்கு.

தகப்பனார் காலமான பிறகு நமது தாயார் அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்து வருகிறார். தமையனார் கோயமுத்தூரில், தமக்கையார் நாகர்கோவிலில், தம்பி பெங்களூரில், நாம் சென்னையில். ஆண்டு முழுவதும் ஒரே ஒரு ஜீவன் நடமாடும் அந்த வீட்டில், கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் பெரியவர்கள் ஒன்பது பேரும் குழந்தைகள் ஒன்பது பேருமாகப் பதினெட்டுப் பேர் கூடிவிடுவோம். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் அதிரசமும் டின் டின்னாகத் தயாராகும். இரவில் கீத பவனியோடு குழந்தைகள் வீடு வீடாகப் போய்ப் பாடிவிட்டு வருவார்கள். அதிகாலை ஆராதனைக்கு அத்தனை பேரையும் எழுப்பிக் குளிப்பாட்டிப் புது உடை உடுத்தி நடத்திச் செல்வதென்பது ஒரு சிறு சைனியத்தை நடத்திச் செல்வதற்குச் சமானம்.

2023-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மட்டும் அப்படி இருக்கவில்லை. அந்த ஆண்டைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தோம்.

அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின் மழையில் சென்னை மூழ்கியது. வேளச்சேரிப் பக்கத்தில் நாம் குடியிருந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் போயிற்று, பாலுக்கும் பஞ்சம் வந்தது. டெலிபோன் உயிர்பெற்றதும் முதல் அழைப்பு தாயாரிடமிருந்துதான். "அந்த ஊரே வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இங்க வந்திருங்க. இங்க ஒரு பயமும் இல்ல" என்றார்.

பதின்மூன்று நாட்கள் கழிந்தன. டிசம்பர் 17-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தென்கோடியில் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சாதாரணமாகப் பெய்யும் மழைகூட அவ்வளவு இராது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறக்குறைய எண்ணூறு பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நாம் ஊருக்குப் போக வழக்கமாக ஏறும் செந்தூர் எக்ஸ்பிரஸ்தான் அது!

தாயாரின் டெலிபோன் மூன்று நாட்கள் மௌனம் சாதித்தது. அந்த மூன்று நாட்களில் நாம் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தோம். அதைச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. நாங்கள் உடன்பிறந்தவர்கள் நால்வரும் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர்கள். நால்வரிடமும் ஆளுக்கொரு கைப்பேசி உண்டு. அதில் ஆயிரம் பேருடைய எண்கள் உண்டு. ஆனால், தாயாரின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருடைய எண்கூட ஒருவரிடமும் இல்லை!

நாலாம் நாள் அத்தான் நாகர்கோவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் சுற்று வழியாகப் போய்ச் சேர்ந்து தகவல் சொன்னார். பக்கத்து வீட்டு வாலிபர்கள் இருவர் தாயாரை நாற்காலியோடு தூக்கிச் சென்று, மேட்டில் இருந்த பள்ளிக்கூடக் கட்டிடத்தில் சேர்த்திருந்தார்கள். அங்கே அவர் ஐம்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சும் வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்தாராம்.

22-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்ததும் அன்றிரவே புறப்பட்டோம். திருநெல்வேலிக்கு அப்பால் திருச்செந்தூர்ப் பாதையில் ரயில் ஓடவில்லை. பஸ் மாறி பஸ் ஏறி, 23-ஆம் தேதி பிற்பகலில் ஊர் போய்ச் சேர்ந்தோம். வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு ஒன்று ஓடியது. நெல் முளைவிட்டுக் கிடந்தது. கோடையில் வாங்கிப் பானையில் பத்திரப்படுத்தியிருந்த கருப்பட்டி கரைந்து போயிருந்தது. பெரியவர்களாகிய நமக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கிற்று. குழந்தைகளுக்கோ பேரானந்தம்! ஒன்பது பேரும் ஆளுக்கொரு தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு சுவர் தேய்க்கத் தொடங்கினார்கள். சென்னையில் தண்ணீர்க் குவளையைக் கழுவி வைக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மூத்தவள், அன்று இருட்டும் வரையில் தேய்த்தாள்.

இருந்தும் கிறிஸ்துமஸ் வந்தது. தமக்கையார் கொண்டுவந்த கருப்பட்டியில் முந்திரிக்கொத்து ஒரே ஒரு டின் தயாராயிற்று. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கிற்று. கீத பவனியில் கிடைத்த காணிக்கையை வீடு இடிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். நாம் கொண்டுபோன விடைத்தாள் கட்டுக்கும் உபயோகம் ஏற்பட்டது. சாப்பாட்டு மேஜை எட்டாத இளையவனுக்கு அதையே ஆசனமாகப் போட்டுவிட்டார் தாயார். அரையாண்டுப் பரீட்சை இவ்வளவு பயனுள்ள காரியம் என்று அதற்குமுன் நமக்குத் தெரியாது.

25-ஆம் தேதி இரவு, குழந்தைகளும் தாயாரும் படுத்த பிறகு, வராந்தாவில் நாங்கள் ஒரு வட்ட மேஜை மகாநாடு கூட்டினோம். மேஜை இல்லை, கயிற்றுக் கட்டில்தான். விஷயம் ஒன்றே: இனி அம்மாவை யார் வைத்துக்கொள்வது?

தமையனார் தாம் ஏழாவது மாடியில் குடியிருப்பதை எடுத்துரைத்தார். தமக்கையார் தம் மாமியார் படுத்த படுக்கையாயிருப்பதைச் சொன்னார். பெங்களூரில் அம்மாவுக்குப் பேச்சுத் துணை கிடையாது என்றான் தம்பி. நம் வீட்டில் இரண்டே அறைகள் என்பதை நாம் விஸ்தாரமாக வர்ணித்தோம். எல்லோர் சொன்னதும் வாஸ்தவம். ஆனாலும், ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் நமக்குள் இருந்த உபாத்தியாயர் விழித்துக்கொண்டார். பன்னிரண்டை நாலால் வகுத்தால் மூன்று! பெட்டியிலிருந்து மிச்சமான வினாத்தாள் ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் கோடு போட்டுக் கட்டம் வரைந்து, ஓர் அட்டவணை தயாரித்தோம். "அம்மா: ஜனவரி முதல் மார்ச் வரை கோயமுத்தூர். ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னை..." தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு நித்திரை போனோம்.

மூத்தவள் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த சமயம் அது. கண்ணில் பட்டதையெல்லாம் உரக்க வாசிப்பாள். மறுநாள் காலை நாம் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அடுப்பங்கரையிலிருந்து அவள் குரல் கணீரென்று கேட்டது: "அம்மா... ஜனவரி முதல்... மார்ச் வரை... கோ-ய-முத்-தூர்."

ஓடினோம். பயனில்லை. அவள் டிசம்பர் வரை வந்துவிட்டாள். தாயார் மாவு பிசைந்த கையோடு உட்கார்ந்து, பேத்தி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மதினி, தம்பி மனைவி, நமது இல்லாள் ஆகிய மூவரும் அசையாமல் நின்றார்கள்.

"இது எந்த அம்மா, ஆச்சி?" என்று கேட்டாள் மூத்தவள்.

"நான்தாம்மா" என்றார் தாயார். பிறகு அந்தக் காகிதத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "உங்கப்பா நல்லாத்தான் எழுதியிருக்காரு. பன்னிரண்டு மாசத்துக்கும் ஊர் போட்டிருக்காரு. ஆச்சிக்கு லீவு எப்பன்னுதான் போடல" என்றார்.

கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்போம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அட்டவணை போட்டு வருகிறோம். அந்தந்த வகுப்புக்கு எது பிரியம் என்று ஒரு நாளாவது யோசித்திருப்போம். பெற்ற தாய்க்கு அட்டவணை போட்டபோது, அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"மறுபடியும் வெள்ளம் வந்தா என்னம்மா செய்வீங்க?" என்று தயங்கிக் கேட்டோம்.

"நாலாந்தேதி உன் வீட்டுல தண்ணி. பதினேழாந்தேதி என் வீட்டுல தண்ணி. தண்ணியே வராத ஊர் எதுன்னு சொல்லு, ஐயா. நான் அங்க போறேன். என்னைத் தூக்கிட்டுப் போன பிள்ளைங்க இந்த ஊர்லதான் இருக்கு. வீட்டுக்கு வீடு கழற்றிக் கழற்றி மாட்ட நான் என்ன வாசல்ல தொங்குற நட்சத்திரமா?"

பிறகு அவரே பேத்தியிடம் பென்சிலை எடுத்து வரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மூத்தவள் அந்தக் காகிதத்திலேயே புதிதாக ஓர் அட்டவணை எழுதினாள். பொங்கலுக்கு பெங்களூர்ச் சித்தப்பா வரவேண்டும். மே மாதம் கோயமுத்தூர்ப் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள். காலாண்டு விடுமுறைக்குச் சென்னை: மழைக்கு முன்னே ஓடு மாற்றி, நெல்லையும் கருப்பட்டியையும் மச்சில் ஏற்றிவிட்டுப் போகவேண்டும். நாகர்கோவில் அத்தை அருகில் இருப்பதால் மாதம் ஒரு தடவை. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும். தாயாரும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்தார்: பெருமழை என்று எச்சரிக்கை வந்தால் அத்தான் வந்து அழைக்கிற உடனே பிடிவாதம் செய்யாமல் நாகர்கோவிலுக்குப் போய்விடுவது.

அன்று மாலையே மூத்தவள் தெருவில் வீடு வீடாகச் சென்று, பதினோரு வீட்டுக்காரர்களின் டெலிபோன் எண்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். அதை நாங்கள் நால்வரும் காப்பி எழுதிக்கொண்டோம். நால்வரும் பட்டதாரிகள் என்பதை முன்னமே சொன்னோம் அல்லவா?

அட்டவணையை அப்படியே நிறைவேற்றிவிட்டோம் என்று எழுதினால் இந்தக் கட்டுரை இன்னும் அழகாயிருக்கும், ஆனால் உண்மையாயிராது. 2024-ஆம் ஆண்டுப் பொங்கலுக்குத் தம்பி போனான். மே மாதத்தில் தமையனார் வீட்டார் போனார்கள். காலாண்டு விடுமுறை வந்தபோது நாம்தான், "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்குத்தான் போகப்போகிறோமே" என்று மெதுவாக நழுவப் பார்த்தோம். மூத்தவள் ஒன்றும் பேசவில்லை. அந்த வினாத்தாளை எடுத்து வந்து, தன் கையெழுத்தில் "சென்னை" என்றிருந்த கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றே நாட்கள் போய் வந்தோம். ஓடு மாற்றினோம். நெல் மச்சில் ஏறிற்று.

விடுமுறைக்குக் குழந்தைகளை ஊருக்கு அழைத்துப் போவது அவர்களுக்குப் பொழுதுபோக்காக என்று நாம் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தோம். தாங்கள் யாரைச் சேர்ந்தவர்கள், தங்களை நம்பி இருப்பவர் யார் என்பதை அவர்கள் அங்கேதான் கற்கிறார்கள். வகுப்பறையில் அதை நாம் கற்பிக்க முடியாது. பெற்றோர் வாக்குத் தவறும்போது நினைவூட்டுவதற்கும் அந்தப் படிப்பே அவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறது.

இப்போதெல்லாம் ரயில் டிக்கெட்டுப் பதிவு அறுபது நாட்களுக்கு முன்னே தொடங்குகிறது. அக்டோபர் மாதக் கடைசியில் காலை எட்டு மணிக்கு முன்பே நாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுகிறோம். நமக்கு இருபுறமும் மூத்தவளும் இளையவனும் உட்கார்ந்துகொள்கிறார்கள். செந்தூர் எக்ஸ்பிரஸில் நாலு இடம் கிடைத்தால், முதலில் ஆச்சிக்குத்தான் டெலிபோன். அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்தத் தடவையும் உங்கப்பா பேப்பர் கட்டு கொண்டு வர்றாரா? பிள்ளை உட்காரணுமே!"