அப்பாவின் தோள் அளவு

தருமபுரி மாவட்டத்தில் உரிமத் துப்பாக்கி இருக்கிற வீடுகளில், அதை யாரும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். தாத்தா வாங்கியது அப்பாவுக்கு வரும். அப்பாவுக்கு வயதானால் மகனுக்குப் போகும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இந்த வழக்கத்துக்கு இடம் கொடுக்கின்றன. உரிமக்காரர் இறந்துவிட்டாலோ, 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். எங்கள் வீட்டில் மகன் கிடையாது. பென்னாகரம் பக்கத்துக் கொல்லையில் நிலக்கடலைக்குக் காவலிருந்த ஒற்றைக் குழல் 12 போர் துப்பாக்கி அப்படித்தான் என் பெயருக்கு வந்தது. காகிதத்தில் என் பிறந்த தேதி, துப்பாக்கியின் எண், குழல் அளவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. துப்பாக்கிதான் எனக்குச் சேரவில்லை.

அப்பா நல்ல உயரம், அகன்ற தோள். நான் ஐந்தடியைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி. அந்தத் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் அதன் மரக்கட்டையின் அடிப்பாகம் தோளின் குழியில் உட்காராமல் மேற்கையின் சதைமேல் போய் நிற்கும். விசையை எட்ட விரலை நீட்டினால் கழுத்தும் கூடவே நீளும். குழல் முன்னால் இழுக்க, அதைத் தாங்க இடுப்பு பின்னால் சாயும். "தோள்ல நல்லா இறுக்கிப் புடிம்மா, உதை தெரியாது" என்பார் அப்பா. அவர் சொன்னது அவர் தோளுக்கு முழுக்க உண்மை.

ரவிக்கை தைக்க இரண்டு சுற்று அளவெடுக்கிற ஊரில், கன்னத்தையும் தோளையும் ஒட்டிக்கொண்டு வெடிக்கிற ஒரு பொருளுக்கு அளவு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. எங்களுடையது போன்ற ரவைத் துப்பாக்கிக்கு இந்த அளவு ரைஃபிளைவிடவும் அவசியம். ரைஃபிளில் முன்னும் பின்னும் குறி இருக்கிறது. இரண்டையும் நேராக்கினால் போதும். ரவைத் துப்பாக்கியில் குழலின் முனையில் ஒரு சிறு மணி மட்டும். பின்பக்கக் குறி சுடுகிறவரின் கண்தான். கண் எங்கே நிற்கும் என்பதைக் கன்னம் முடிவு செய்கிறது, கன்னம் எங்கே படியும் என்பதைக் கட்டை முடிவு செய்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்துக்கு 3 மில்லிமீட்டர் மேலே இருந்தால் 35 மீட்டர் தூரத்தில் குறி ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் மேலே போய்விடும். போட்டிகளில் பறக்கவிட்டுச் சுடும் களிமண் தட்டின் குறுக்களவும் அதே 11 சென்டிமீட்டர்தான். ரவை பரவிப் போகும், கொஞ்சம் பிழை பொறுக்கும் என்பது சரி. ஆனால் பரவலின் நடுவே வேறிடத்தில் இருந்தால் அது எவ்வளவுதான் பொறுக்கும்?

பார்க்க வேண்டிய முதல் அளவு, விசையிலிருந்து கட்டையின் அடிப்பாகத்தின் நடு வரை உள்ள நீளம். கடையில் வருகிற துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் 14 அங்குலத்திலிருந்து பதினாலரை வரை இருக்கும். சின்ன உடம்புக்காரருக்கு 13 போதும், சிலருக்கு அதற்கும் கீழே. கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பது நம் ஊர்ச் சோதனை. கடைக்காரர்களும் இதைத்தான் செய்து காட்டுவார்கள். இதை நான் நம்புவதில்லை. கையின் நீளத்தை மட்டுமே அது சொல்லும். கழுத்து, மார்பு, நிற்கிற விதம் ஒன்றும் அதில் வராது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகத் தோளுக்கு ஏற்றி, கன்னம் படிந்த பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பது மேல். மணி குழலின் முதுகில் நடுவே நேராக உட்கார்ந்திருந்தால் கட்டை பொருந்துகிறது. குழலின் முதுகு நெடுஞ்சாலை மாதிரி நீளமாகத் தெரிந்தால் கண் அதிக உயரத்தில் இருக்கிறது. முதுகே தெரியாமல் பின்பக்க இரும்பு மறைத்தால் கண் தாழ்ந்திருக்கிறது. விசையருகே பிடித்த கையின் கட்டைவிரல் மூட்டுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் முதல் வெடியிலேயே உதடு வீங்கும்.

நீளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட விட்டுவிடுகிற இன்னொன்று, அடிக்கட்டையின் சாய்வு. ஆண்களின் தட்டையான மார்புக்கு வெட்டிய கட்டையின் கீழ்முனை, பெண்ணின் மார்பில் நேராகக் குத்தும். வலிக்குப் பயந்து கட்டையைத் தோளின் ஓரத்துக்குத் தள்ளுவோம். அங்கே உதை இரட்டிப்பாகத் தெரியும். அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே கண் மூடிக்கொள்ளும். இதற்கு "பொம்பளைங்களுக்குப் பயம்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். கீழ்முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, லேசாக வெளிப்பக்கம் திருப்பி வெட்டினால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும். கழுத்து நீளமான பெண்களுக்குக் கட்டையின் மேல்விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கன்னம் மரத்தைத் தேடி இறங்கும், தலை சாயும். போட்டிக்கென்று இத்தாலியில் செய்கிற துப்பாக்கிகள் பலவற்றில் மேல்விளிம்பைத் திருகாணியால் ஏற்றி இறக்கலாம். அவற்றின் விலை பென்னாகரத்துக்காரர்கள் பேசுகிற விலை அல்ல.

எந்தக் கண் ஆளுகிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்துப் பனைமரம் ஒன்றை விரலால் சுட்டி, இடக்கண்ணை மூடுங்கள். விரல் மரத்தைவிட்டு நகர்ந்தால் உங்களுக்கு ஆளுகிற கண் இடது. வலக்கைக்காரருக்கு இப்படி இருந்தால் கட்டையை எத்தனை நாள் இழைத்தும் பயனில்லை. இடத்தோளுக்கு மாறுவதோ, ஒரு கண்ணை மறைத்துச் சுடுவதோதான் வழி.

"சின்ன ஆளுக்குச் சின்னத் துப்பாக்கி" என்பது எல்லோரும் சொல்கிற யோசனை. கையில் தூக்கிப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். உதையின் கணக்கு வேறு. அதே தோட்டாவை மூன்றரை கிலோ துப்பாக்கியில் போட்டால் வருகிற உதையைவிட, இரண்டரை கிலோ துப்பாக்கியில் அதன் சக்தி நூற்றுக்கு நாற்பது பங்கு கூடும். எடையைக் குறைத்தால் தோட்டாவையும் குறைக்க வேண்டும். 20 போர் நல்லதென்று சொல்வதற்கு அதுதான் காரணம்: குழல் 15.6 மில்லிமீட்டர், ரவையும் குறைவு. 12 போரின் குழல் 18.5. ஆனால் நம் பக்கம் 20 போர் தோட்டாவைத் தேடி அலைய வேண்டும், 12 போர் தோட்டா எளிதில் கிடைக்கும். ஆகவே கையிலிருக்கிற 12 போரையே வைத்துக்கொண்டு லேசான தோட்டா போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒலிம்பிக் தட்டுப் போட்டிகளிலேயே ரவைக்கு வரம்பு 24 கிராம்தான். அதற்குமேல் தோளில் வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

என் துப்பாக்கியின் கட்டையை வெட்டினேன். பழுதுபார்க்க உரிமம் உள்ளவரிடம்தான். குழலில் கை வைக்கக்கூடாது. அதைக் குட்டையாக்குவது ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் கேட்கிற காரியம், விளையாட்டில்லை. கட்டை மரம்தானே என்று அப்பா முதலில் சமாதானமானார், ரம்பத்தைப் பார்த்ததும் வெளியே போய் நின்றுகொண்டார். உதையைத் தாங்கக் கட்டையின் அடியில் பொருத்துகிற ரப்பர் தகடு எத்தனை தடிப்போ அத்தனையும் சேர்த்து மரத்தில் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டியும் நீளம் பழையபடியே நிற்கும். பின்னால் எடை குறைந்ததால் குழல் முன்னால் கவிழ்ந்தது. அடிக்கட்டைக்குள் துளைத்து ஈயம் வைத்துச் சரிசெய்தார்கள்.

உடம்புக்குத் துப்பாக்கியைப் பொருத்துவது புதிய சங்கதி இல்லை. அமெரிக்காவின் ஆனி ஓக்லி ஐந்தடிதான் இருப்பார். 1887இல் லண்டனுக்கு வந்தபோது, சார்ல்ஸ் லங்காஸ்டர் என்ற துப்பாக்கிக் கடை அவர் அளவுக்கு இழைத்துக் கொடுத்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்கீட் என்ற தட்டுப் போட்டியில் ஆணும் பெண்ணும் ஒன்றாக நின்று சுட்டார்கள். சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண் 225 தட்டில் 223 அடித்துத் தங்கம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்தப் போட்டியே இல்லை. 2000 சிட்னியில்தான் பெண்களுக்கென்று தனியாக வந்தது. வரிசையாக இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். நம் மாநிலத்தில் தட்டுச் சுடுதல் என்றால் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் நினைவுக்கு வருவார். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் அவர் இருந்த ஆண்கள் அணிக்கு ட்ராப் பிரிவில் தங்கம். ராஜேஸ்வரி குமாரி, மனிஷா கீர், ப்ரீத்தி ராஜக் மூவரும் பெண்கள் அணிக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்தார்கள்.

பென்னாகரத்துக் காடுகளை எழுதிப் பெயர் வாங்கிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைஃபிளை வைத்திருந்தார். கடுமையாக உதைக்கிற சாதி அது. வேட்டைக் கதைகளில் புலி பாயும், குண்டு பாயும். கட்டை யார் தோளுக்கு எத்தனை அங்குலம் என்ற பேச்சே வராது. அந்தக் காலம் முடிந்துவிட்டது, நல்லது. 2022இல் காவிரி தெற்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் அதற்குள் வந்துவிட்டது. காட்டுப்பன்றிகள் மட்டும் கடலைக் கொல்லையை விடவில்லை. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு சொன்னது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடக்கூடாது.

ஆக, இனி சுடப்போவது வனத்துறைக்காரர்கள். அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். வனக்காப்பாளர் தேர்வில் பெண்ணுக்கு உயரம் 150 சென்டிமீட்டர், ஆணுக்கு 163. பழங்குடியினருக்கு அதிலும் தளர்வு உண்டு. நாலு மணி நேரத்தில் பெண் 16 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும், ஆண் 25. உடம்பு வேறு என்று தெரிந்துதான் அளவுகளை வேறாக வைத்திருக்கிறார்கள். அப்படி அளந்து எடுத்த ஆளின் கையில் தருகிற துப்பாக்கிக்கு மட்டும் ஒரே நீளம். பொருந்தாத கட்டையோடு சுட்டால் பன்றி சாகாது. அடிபட்டு ஓடி, புதரில் கிடந்து, மறுநாள் புல்லறுக்கப் போகிறவளைக் குத்தும். ஒவ்வொரு வனச்சரகத்திலும் 13 அங்குலக் கட்டையுள்ள துப்பாக்கி ஒன்றிரண்டு வைக்க, அல்லது தடிப்பு மாறுகிற ரப்பர் தகடுகளை வாங்கி வைக்க, பெரிய செலவாகிவிடாது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்தத் தேர்வுக்குப் படிக்கிறாள். உயரம் சரியாக நூற்றைம்பது. விடிகாலையில் ஒகேனக்கல் சாலையில் நடந்து பழகுகிறாள். கட்டை வெட்டிய என் துப்பாக்கியைக் காலியாக வைத்து, தோளுக்கு ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். மணி நடுவே வந்து நின்றது என்றாள்.

"அங்க இவ்ளோ குட்டையா குடுப்பாங்களாக்கா?"

"குடுக்க மாட்டாங்க. உன் அளவை எழுதிக் குடுத்துக் கேளு."

"சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். பதிமூணேகால்னு எழுது, சாய்வையும் சேத்து எழுது. அதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க."