கிளிஞ்சல் கணக்கு

அம்மாவுக்கு எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தேன். 'சிப்பி ஓட்டிலிருந்து எடுத்தது' என்று பொடி எழுத்தில் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"அட, இதைத்தானேடா அறுபது வருஷமா வெத்தலைல தடவிக்கிட்டிருக்கேன்!"

வாஸ்தவம்தான். சிப்பி கடல்நீரில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்து, கார்பனேட்டாக்கி, அடுக்கடுக்காக வீடு கட்டிக்கொள்கிறது. அந்த வீட்டைச் சுட்டால் சுண்ணாம்பு. அரைத்தால் மாத்திரை.

சிக்கல் வாசலில் இருக்கிறது. காட்மியம் என்கிற கன உலோகத்தின் அயனி, அளவில் கிட்டத்தட்ட கால்சியம் மாதிரியே இருக்கும். மின்னூட்டமும் அதே. ரேஷன் கடையில் அடுத்தவர் கார்டைக் காட்டி சர்க்கரை வாங்குகிற மாதிரி, கால்சியத்துக்கான வழியில் காட்மியம் உள்ளே நுழைந்துவிடும். ஓட்டில் கொஞ்சம் உட்காரும். ஈயமும் அப்படித்தான். சதையில் இன்னும் அதிகம். அங்கே மெட்டலோதையோனின் என்றொரு புரதம், துத்தநாகத்தையும் தாமிரத்தையும் பத்திரப்படுத்தி வைக்கும் பெட்டகம். காட்மியம் வந்தால், துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது.

இந்தச் சுபாவத்தையே பயன்படுத்தி, 'கடலைத் தனியாகச் சோதிக்க வேண்டாம், சிப்பியைக் கேளுங்கள்' என்றார் எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அது 1975-ல். அமெரிக்கக் கடலோரத்தில் 1986 முதல் அதை ஒரு திட்டமாகவே நடத்துகிறார்கள். ஓடுள்ள ஜீவன் ஊர்விட்டு ஊர் ஓடாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து, வருகிற தண்ணீரையெல்லாம் வடிகட்டி, கணக்கு எழுதி வைத்திருக்கும்.

நம் ஊரிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது ஊரறிந்த விஷயம். நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் எல்லாம் சிறு அளவில் உண்டு. அங்கே பச்சைச் சிப்பிகளை எடுத்து உலோகம் தேடிய ஆய்வுகளும் உண்டு. ஒரு நாள் போயிருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார் ஒரு அம்மா.

"இதைச் சாப்பிடலாமாம்மா?"

"வித்தது போக மிச்சம்தான் சார் எங்க குழம்பு. வேற என்னத்தைத் தின்றது?"

எனக்குப் பதில் இல்லை. மட்டி, பச்சைச் சிப்பியில் காட்மியம் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று சர்வதேச உணவு நெறி சொல்கிறது. குழம்புச் சட்டியில் அதை யார் அளப்பது?

ஜப்பானில் ஜின்சு நதிக்கரையில், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் அரிசி வழியாக உடம்புக்குள் போய், எலும்பெல்லாம் மெலிந்து நொறுங்கியது. பெரும்பாலும் வயதான பெண்களுக்கு. நோய்க்குப் பெயரே 'இதாய் இதாய்'. தமிழில் 'வலிக்குது வலிக்குது'. மாசுதான் காரணம் என்று 1968-ல் அரசாங்கமே ஒப்புக்கொண்டது.

மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு. 1993-ல் 70 பிராண்ட் கால்சியம் மாத்திரைகளைச் சோதித்து, சிலவற்றில் ஈயம் கவலைப்படும் அளவுக்கு இருப்பதாக ஒரு ஆய்வு எழுதியது. அதன்பிறகு கட்டுப்பாடுகள் இறுகியிருக்கின்றன. அதனால் நீங்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தக் கடல் சிப்பின்னு அட்டையில போட்டிருக்கா, பாரு."

திரும்பவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். விலை இருந்தது, தேதி இருந்தது. கடல் இல்லை.